ஏவும் சொல் எவர் சொல்?

கலப்பையைப் பிடிப்பவன் உழவன். கலப்பை உழவனைப் பிடிப்பதில்லை. கருவிக்கும் அதனைக் கையாள்பவனுக்கும் உள்ள இவ்வுறவு, மாந்தன் முதற்கருவியைச் செய்த நாள்தொட்டு மாறாதது. ஆயினும் கணினி என்னும் கருவியின்முன் அமர்ந்த தமிழன் மட்டும் இம்முறையைத் தலைகீழாக்கிக் கொண்டான். கருவியை ஏவுவதற்கே அயன்மொழிச் சொல்லை எதிர்பார்த்து நிற்கின்றான். தன் கைக்கருவியைத் தன் மொழியால் ஏவ இயலாது என்று எவரும் மெய்ப்பித்துக் காட்டாத முன்பே, தானாக முடிவு கட்டிக்கொண்டு அம்முடிவுக்கு அடங்கியும் நடக்கின்றான்.

குமரி மாவட்டத்தைச் சுற்றி வருவோர் இதனைக் கண்கூடாகக் காணலாம். தோவாளைப் பூக்கடையில் பேச்சு தமிழ். குளச்சலில் மீன் ஏலம் கூறும் குரல் தமிழ். குலசேகரத்தில் இரப்பர் விலை பேசுவது தமிழ். நேற்றுவரை கடைக்கணக்கு எழுதிய ஏடும் தமிழ். ஆனால் அதே கடையில் ஏட்டின் இடத்துக்குக் கணினி வந்தவுடன், திரையின் மேல்விளிம்பில் வரிசையாக நிற்கும் ஏவற்சொற்கள் ஆங்கிலமாகி விடுகின்றன. கோப்பைத் திற, சேமி, அச்சிடு, மூடு, வெளியேறு என்று பணிக்கும் அவ்வரிசைக்குப் 'பட்டி' என்று பெயர். சிறிய வரிசைதான். எனினும் கணினியின்முன் அமர்ந்தவன் ஒரு நாளைக்கு நூறுமுறை தொடுவது அவ்வரிசையைத்தான். நூறுமுறை தொடும் சொல் எம்மொழிச் சொல்லோ, அம்மொழியே அறிவின் மொழி, ஆளும் மொழி என்னும் எண்ணம் சொல்லாமலே மனத்தில் வேர்கொள்ளும்.

பொறிக்கு மொழி இல்லை

'கணினி ஆங்கிலத்தில்தான் இயங்கும். அதில் தமிழைப் புகுத்துவது வீண்வேலை' என்று படித்தவரும் கூறக் கேட்கலாம். இஃது அறியாமையினின்று பிறந்த கூற்று. கணினிக்கு ஆங்கிலமும் தெரியாது, தமிழும் தெரியாது. பட்டியில் உள்ள ஒவ்வோர் ஏவற்சொல்லுக்கும் பின்னால் ஓர் எண்ணோ, உள்ளுக்குள் மட்டும் வழங்கும் ஒரு குறியோ ஒளிந்து நிற்கின்றது. விரல் சொல்லைத் தொட்டதும் நிரலுக்குப் போய்ச் சேர்வது அந்த எண்ணே, சொல்லன்று. 'இத்தனையாம் எண் தொடப்பட்டது' என்ற செய்தி வந்தவுடன் நிரல் அதற்குரிய வேலையைச் செய்கின்றது. மேலே எழுதியிருப்பது 'திற' என்பதா, ஆங்கிலச் சொல்லா, சீனச் சொல்லா என்று அது பார்ப்பதேயில்லை.

ஆகவே பட்டியில் உள்ள சொல் பொறிக்காக எழுதப்பட்டதன்று. மாந்தன் கண்ணுக்காக எழுதப்பட்டது. அது கதவின்மேல் மாட்டிய பெயர்ப்பலகை போன்றது. கதவு திறப்பதற்கும் பலகையின் மொழிக்கும் தொடர்பில்லை. பலகை மாந்தனுக்காக என்றால், அம்மாந்தன் தமிழன் என்றால், பலகை தமிழில் இருப்பதன்றோ முறை? பொறியின்மேல் பழிபோட்டுத் தப்பிக்கொள்ள இனி இடமில்லை. பலகையை எழுதியவன் அயலான். அதனை மாற்றாமல் விட்டவன் தமிழன். உண்மை இவ்வளவே.

பலகையை மாற்றும் வழிகள்

பலகையை மாற்ற மூன்று வழிகள் உண்டு. முதல்வழி, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை வெளியிலிருந்தே மாற்றுவது. விண்டோசு இயங்குதளத்தில் ஒரு நிரல் ஓடும்போது, அதன் சாளரமும் பட்டியும் இயங்குதளத்தின் பொறுப்பில் நிற்கின்றன. வேறொரு சிறு நிரல் அச்சாளரத்தை அடையாளங்கண்டு, அதன் பட்டியைக் கேட்டுப் பெற்று, ஒவ்வோர் ஏவற்சொல்லையும் நீக்கித் தமிழ்ச்சொல்லை அவ்விடத்தில் வைத்துவிடலாம். எண் மாறாமையால் வேலையும் மாறாது. நிரலை எழுதியவரின் இசைவும் வேண்டியதில்லை, மூலநிரலும் வேண்டியதில்லை. பட்டியில் ஆங்கிலம் இயற்கையாக முளைத்ததன்று என்பதை ஐயமின்றிக் காட்டுவதற்கு இவ்வொரு வழியே போதும்.

ஆனால் இவ்வழிக்குக் குறைகளும் உள. நிரலை மூடித் திறந்தால் பழைய சொற்களே திரும்பிவரும்; ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். பட்டியைத் தானே வரைந்துகொள்ளும் நிரல்களிடம் இது செல்லாது. உயர்ந்த உரிமையோடு ஓடும் நிரல்கள் வெளிக்கையைத் தொடவிடா. சுருங்கச் சொன்னால், இது பிறன் வீட்டுச் சுவரில் சுண்ணத்தால் எழுதுவது போன்றது. மழை வந்தால் போய்விடும்.

இரண்டாம் வழி, நிரற்கோப்பின் உள்ளேயே பொதிந்து வைத்திருக்கும் சொற்களைத் திறந்து திருத்துவது. இஃது ஓரளவு நிலைக்கும். ஆயினும் நிறுவனம் புதிய பதிப்பை அனுப்பியவுடன் திருத்தம் அழிந்துபோகும். கையொப்பமிட்டுப் பூட்டிய நிரலாயின் திருத்தியபின் அக்கையொப்பம் செல்லாது போகும். திருத்துவதையே தடைசெய்யும் உரிம விதிகளும் பல உள.

மூன்றாம் வழியே நேர்வழி. நிரலை எழுதும்போதே சொற்களை நிரலினின்று பிரித்துத் தனிக்கோப்பில் வைப்பது அது. நிரல் ஓடத் தொடங்கும்போது, 'இங்கு எந்த மொழி?' என்று கேட்டு, அம்மொழிக் கோப்பிலிருந்து சொற்களை எடுத்துக்கொள்ளும். கட்டற்ற மென்பொருள்களில் இம்முறை 1990-களிலிருந்து வேரூன்றியுள்ளது. அக்கோப்பில் மூலச்சொல் ஒரு வரி, அதற்குரிய தமிழ்ச்சொல் மறுவரி என்று இரண்டிரண்டாக நிற்கும். நிரல் எழுதத் தெரியாத தமிழாசிரியர் ஒருவர் ஒரு நாள் பழகினாலே அதில் வேலை செய்யலாம். இங்கே எழுதப்படுவது சுவரில் பூசிய சுண்ணமன்று. வீட்டின் சொந்தப் பெயர்ப்பலகை.

செய்து வைத்த வேலை

இவ்வேலையைச் செய்யத் தமிழில் ஆளில்லை என்று எவரும் கூற வேண்டா. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே தமிழகத்திலும் ஈழத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருந்த தமிழர், ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே கூடி, இலினக்சு இயங்குதளத்தின் திரைமுகங்களாகிய கே.டி.இ., குனோம் என்பவற்றைத் தமிழாக்கினர். 'தமிழா' என்னும் தன்னார்வக் குழுவில் முகுந்தராசும் அவர்தம் தோழரும், அலுவலக மென்பொருளையும் மொசில்லா உலாவியையும் தமிழில் பேசவைக்கப் பாடுபட்டனர். இன்று இலிபர் ஆபிசு என்னும் கட்டற்ற அலுவலகத் தொகுப்புக்குத் தமிழ்ப்பட்டி உண்டு. விண்டோசுக்கே எக்சு.பி. காலத்தில் தமிழ் முகப்புத் தொகுப்பு வெளிவந்தது. இன்றைய ஆண்டிராய்டு கைப்பேசியில் அமைப்புகளுக்குச் சென்று மொழி என்ற இடத்தில் தமிழைத் தெரிந்தெடுத்தால், அடுத்த நொடியே திரை தமிழாகும்.

இவற்றுள் நாஞ்சில் நாட்டார் தனியே நினைக்கத்தக்க பெயர் ஒன்றுண்டு. ஓடிக்கொண்டிருக்கும் எந்த நிரலுக்குள்ளும் தமிழெழுத்தைக் கொண்டு சேர்ப்பதற்கு அதே தமிழாக் குழு ஆக்கிய கருவிக்கு 'எ-கலப்பை' என்று பெயர். தட்டும் விசையை இடையில் நின்று வாங்கித் தமிழெழுத்தாக மாற்றி, எந்த நிரல் திறந்திருக்கின்றதோ அந்த நிரலுக்குக் கொடுப்பதே அதன் வேலை. நாஞ்சில் என்பதற்கும் கலப்பை என்பதே பொருள். நாஞ்சில் வள்ளுவனைப் புறநானூறு பாடிய நாளிலேயே அப்பெயர் இம்மண்ணின்மேல் இருந்தது. கலப்பையைப் பெயராகக் கொண்ட நாட்டில், அதே பெயருடைய தமிழ்க்கருவியை அறியாத படித்தவர் எத்தனை பேர்!

எழுத்துச் சிக்கலும் இன்று சாக்காகாது. ஒரு காலத்தில் ஒவ்வோர் அச்சகத்துக்கும் ஒவ்வோர் எழுத்துருக் குறியீடு இருந்தது. ஒருவர் எழுதியதை மற்றொருவர் திறந்தால் குப்பையாகத் தோன்றிற்று. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் 'தமிழ் 99' விசைப்பலகை ஏற்கப்பட்டது. 2010-இல் ஒருங்குறியைத் தமிழ்நாட்டரசு ஆணையிட்டு ஏற்றது. பாதை போடப்பட்டுப் பல்லாண்டாயிற்று, நடப்பதற்குத்தான் ஆளில்லை.

1956-உம் இன்றும்

குமரி மாவட்ட மக்களுக்கு இஃது அயலார் கதையன்று. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூரில் இருந்த நாளில், ஆட்சியின் மொழி மலையாளம். மக்களின் மொழி தமிழ். அரசு அலுவலகத்தில் தன் நிலத்தைப் பற்றிய தாளையே பிறரைக் கொண்டு படிக்கவேண்டிய நிலையில் தமிழுழவன் இருந்தான். அந்நிலை மாறவேண்டும் என்றே மார்சல் நேசமணி முதலியோர் தலைமையில் மக்கள் எழுந்தனர். 1954 ஆகத்து 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவலர் துப்பாக்கிக்கு உயிர் கொடுத்தனர். 1956 நவம்பர் முதல் நாள் குமரி தமிழகத்தோடு இணைந்தது. தேரூர் தந்த கவிமணி அந்நாளைக் காணாமலே 1954-இல் மறைந்தார்.

அப்போராட்டத்தின் உட்பொருள் என்ன? எல்லைக்கல் மட்டுமா? 'அலுவலகத்தில் நுழையும் தமிழன் தன் மொழியில் நுழையவேண்டும். தன் மொழியில் கேட்டுத் தன் மொழியில் விடை பெறவேண்டும்' என்பதே அதன் உட்பொருள். இன்று அலுவலகம் கட்டடத்தினின்று திரைக்கு இடம்பெயர்ந்து கொண்டிருக்கின்றது. பட்டா, சான்றிதழ், வங்கிக் கணக்கு, பயணச்சீட்டு, மருத்துவமனைப் பதிவு யாவும் திரைவழியாக நடைபெறுகின்றன. அத்திரையின் ஏவற்சொற்கள் தமிழில் இல்லையாயின், அல்லது தமிழ் எங்கோ ஒரு மூலையில் ஒளிக்கப்பட்டிருக்குமாயின், 1956-இல் முன்வாயிலால் வெளியேற்றிய நிலைமை கொல்லைவாயிலால் திரும்பி வருகின்றது என்றே பொருள். அன்று மலையாளம் நின்ற இடத்தில் இன்று ஆங்கிலம் நிற்கின்றது. தாளைப் பிறரிடம் நீட்டிய உழவனின் பேரன், கைப்பேசியைப் பிறரிடம் நீட்டுகின்றான். வேறுபாடு அவ்வளவே.

மறுப்புரைகளும் உண்மையான குறைகளும்

'தமிழ்ப்பட்டி புரியவில்லை, ஆங்கிலமே எளிது' என்பார் உளர். புரியாமைக்குக் கரணியம் சொல்லின் கடுமையன்று, பழகாமையே. அக்கிராசனர் தலைவரானபோதும், காரியதரிசி செயலாளரானபோதும், அபேட்சகர் வேட்பாளரானபோதும் இதே நகைப்பு எழுந்தது. இன்று பழைய சொற்களுக்குத்தான் அகராதி தேவைப்படுகின்றது. பேருந்து, வானொலி, கைப்பேசி, கணினி என்பவை நகைத்தவர் வாயிலேயே இன்று வழங்குகின்றன. மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய இயக்கத்தின் ஈர்ப்பினால் பூதப்பாண்டிச் சீவானந்தம் ஒரு காலத்தில் தம் பெயரையே உயிரின்பன் என்று மாற்றிக்கொண்டார். தன் பெயரை மாற்றும் துணிவு ஒரு தலைமுறைக்கு இருந்தது; திரையின் மொழியை மாற்றும் துணிவு இத்தலைமுறைக்கு இல்லையா?

ஆயினும் உள்ள குறைகளை மறைப்பது தமிழுக்குச் செய்யும் நன்றியன்று. தமிழ்ப்பட்டிகள் பலவற்றில் மெய்யான பிழைகள் உண்டு. ஒரு நிரலில் 'தொகு', மற்றொன்றில் 'திருத்து'. ஒன்றில் 'காட்சி', மற்றொன்றில் 'பார்வை' என்று ஒரே வேலைக்குப் பல சொற்கள் வழங்குகின்றன. பயனர் மயங்குவது இயல்பே. 'நகலெடு' என்னும் சொல் எங்கும் பரவியுள்ளது. நகல் என்பதோ அரபியினின்று வந்த சொல். 'படி' என்னும் நல்ல தமிழ்ச்சொல் இருக்க, 'படியெடு' என்று ஏன் எழுதவில்லை?

இதனினும் பெரிய குறை இலக்கணத்தில் உள்ளது. ஆங்கிலத்தில் ஒரே சொல் பெயராகவும் வினையாகவும் நிற்கும். தமிழில் அச்சு வேறு, அச்சிடு வேறு. சொல் எங்கே வரும் என்று பாராமல் பட்டியலைப் பார்த்துப் பெயர்ப்போர் இங்கே இடறுகின்றனர். பட்டியில் பேசுபவன் மாந்தன், கேட்பது பொறி. ஆகவே அங்கே 'திற', 'மூடு', 'சேமி' என்னும் ஏவல்வினையே தகும். பொறி மாந்தனை நோக்கிப் பேசும் இடத்திலோ 'கடவுச்சொல்லை எழுதுக' என்னும் வியங்கோளோ, 'மாற்றங்களைச் சேமிக்கலாமா?' என்னும் வினாவோ வேண்டும். ஏவலையும் வியங்கோளையும் பிரித்துணர்த்தும் இலக்கணத்தைத் தொல்காப்பியர் காலத்திலேயே பெற்ற மொழி இது. அதனை அறியாமல் பொறிக்கு மதிப்புச் சொல்லும், மாந்தனுக்கு ஏவற்சொல்லும் எழுதி வைத்தால், படிப்பவன் காதில் அது தமிழாக ஒலிக்காது. 'தமிழ்ப்பட்டி செயற்கையாக உள்ளது' என்ற குறை பிறப்பது இங்கேதான்.

வேற்றுமை உருபிலும் இதே இடர். ஆங்கிலச் சொற்றொடரில் கோப்பின் பெயருக்கு ஓர் இடைவெளி விட்டு எழுதுவர். தமிழில் அவ்விடைவெளிக்குப் பின் 'ஐ' என்று எழுதி வைத்தால், திரையில் 'கடிதத்தை' என்று வராது. 'கடிதம்-ஐ' என்று ஒட்டாமல் நிற்கும். 'நீக்கவேண்டிய கோப்பு: கடிதம்' என்று தொடரைத் திருப்பி எழுதினால் சிக்கல் தீரும். இத்தகைய நுட்பம் தமிழறிந்தவர்க்கே விளங்கும். அதற்குரிய இடத்தைக் காட்டுவது கணினியறிந்தவர்க்கே இயலும். இருவரும் சேராத வரையில் வேலை அரைகுறையாகவே நிற்கும்.

செய்ய வேண்டுவன

'சிறு கூட்டத்துக்காகப் பெருநிறுவனங்கள் மாறுமா?' என்போர் ஐசுலாந்தை நோக்கட்டும். 1990-களின் இறுதியில் அந்நாட்டு மக்கள்தொகை மூன்று இலக்கத்துக்கும் குறைவு. விண்டோசை ஐசுலாந்து மொழியில் தருவது பயன்தராது என்று மைக்ரோசாப்டு நிறுவனம் முதலில் கைவிரித்தது. அந்நாட்டு அரசும் மக்களும் விடவில்லை. 1999-இல் நிறுவனம் இணங்கியது. 2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டம் ஒன்றின் மக்கள்தொகை மட்டும் 18 இலக்கத்துக்கும் மேல். ஆறு ஐசுலாந்துகள் அடங்கும் ஒரு மாவட்டத்தில், தமிழ்ப்பட்டி வேண்டும் என்று ஒரு கடைக்காரர், ஒரு வங்கி வாடிக்கையாளர், ஒரு பெற்றோர் எழுதிக் கேட்டதுண்டா? எண்ணிக்கையில் குறைவில்லை; கேட்கும் வாயில்தான் குறைவு.

முதற்கண், தமிழ்நாட்டரசும் உள்ளாட்சிகளும் கூட்டுறவு அமைப்புகளும் விலைகொடுத்து எந்த மென்பொருளை வாங்கினாலும், அதன் சொற்கள் நிரலினின்று பிரிக்கப்பட்டுத் தனிக்கோப்பில் இருத்தல் வேண்டும், திறந்தவுடன் தோன்றும் மொழி தமிழாக இருத்தல் வேண்டும் என்று விலைப்புள்ளி கோரும்போதே விதி வகுக்க வேண்டும். 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தாளுக்கு மட்டும் உரியது, திரைக்கு உரியதன்று என்று எவரேனும் கருதினால், அக்கருத்தை இச்சட்டத்தின் நோக்கமே மறுக்கும். வாங்குபவன் கேட்டால் விற்பவன் தருவான். கேட்காதவனுக்கு எவனும் தரான்.

இரண்டாவதாக, கல்லூரிகள் தம் கடமையை உணரவேண்டும். நாகர்கோவிலில் இசுக்காட்டு கிறித்தவக் கல்லூரி உண்டு. தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி உண்டு. இத்தகைய கல்லூரிகளில் தமிழ்த்துறையும் கணினித்துறையும் ஒரே வளாகத்தில் இருந்தும், இருதுறை மாணவரும் ஒரே பலகையில் அமர்வதில்லை. ஓராண்டில் ஒரு மென்பொருளை எடுத்துக்கொண்டு, அதன் பட்டிச்சொற்களைப் பிழைநீக்கி ஒருமைப்படுத்தி உலகத் தமிழர்க்கு வழங்கினால், அதுவே பட்டத்தேர்வுக்குரிய சிறந்த ஆய்வேடாகும். 1820-ஐ ஒட்டி நாகர்கோவிலில் கடல்கடந்து வந்த மீடு என்னும் சமயத்தொண்டர் அச்சகம் நிறுவினார். ஈயத்தில் தமிழ் வார்க்க அயலான் முன்வந்த ஊரில், திரையில் தமிழ் வார்க்க ஊரார் முன்வாராதது நாணத்தக்கது.

மூன்றாவது கடமை ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. அரசையும் நிறுவனத்தையும் குறைகூறும் தமிழ்ப்பற்றாளரின் கைப்பேசியே ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்குமாயின், அப்பற்று மேடைப்பற்றேயன்றி மெய்ப்பற்றாகாது. பயன்படுத்துவோர் இல்லாத தமிழ்ப்பதிப்பு நாளடைவில் கைவிடப்படும். 'எவரும் கேட்கவில்லை' என்பதே அதற்குக் கூறப்படும் கரணியமாகும். ஆகவே திரையைத் தமிழுக்கு மாற்றி ஒரு மாதம் பொறுமையோடு பழகுதல் வேண்டும். முதற்கிழமை கை தடுமாறும். மறுகிழமை கண் பழகும். மாதமுடிவில் ஆங்கிலத் திரையே அயலாகத் தோன்றும். பழகும்போது தென்படும் பிழைச்சொற்களை நகைத்து ஒதுக்காமல், குறித்து வைத்து ஆக்கியோர்க்கு அனுப்புதல் வேண்டும். கட்டற்ற மென்பொருளில் அப்பிழையைத் தாமே திருத்தும் உரிமையும் எவர்க்கும் உண்டு.

நிலம் தரிசாகக் கிடப்பதற்கு நிலத்தைக் குறைகூறும் உழவன் இல்லை. உழாதவனையே ஊர் குறைகூறும். கணினி என்னும் நிலம் திறந்து கிடக்கின்றது; எண்களால் ஆன அம்மண் எம்மொழி விதையையும் ஏற்கும். கலப்பையையும் ஆக்கித் தந்துவிட்டனர். நாஞ்சில் என்று பெயர்பூண்ட நாடு இனியும் ஏர்பிடிக்க அயலானை எதிர்நோக்கி நிற்பதோ? ஏவுபவன் தமிழன் என்றால், ஏவும் சொல்லும் தமிழாகுக!